பென்னிகுவிக்குக்கு ஒரு டிபெண்டன்சி படம்

தேனி புது பஸ் ஸ்டாண்டில் இறங்கியிருக்கீங்களா? அந்த பஸ் ஸ்டாண்டுக்கே கர்னல் ஜான் பென்னிகுவிக் என்றுதான் பேர். அங்கிருந்து கம்பம் பஸ்ஸில் ஏறி சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று போனால் வழியெல்லாம் அவர் படம். டீக்கடைக் கல்லாவுக்கு மேலே பார்க்கலாம், வீட்டுக்குள்ளே சாமி படங்களுக்குப் பக்கத்திலும் பார்க்கலாம். ஜனவரி 15 அன்று பாலார்பட்டியில் அவருக்காகவே பொங்கல் வைக்கிறார்கள். பையனுக்கு பென்னிகுவிக் என்று பேர் வைத்த வீடுகளும் இந்தப் பக்கம் உண்டு.

ஒரு ஆங்கிலேய எஞ்சினியர், இறந்து 100 வருஷத்துக்கு மேல் ஆச்சு. அவருக்கு எதுக்கு இந்த ஊர் பொங்கல் வைக்குது? முல்லைப் பெரியாறு அணையைக் கட்டினார், அவ்வளவுதானே என்று சொல்லிவிடலாம். அந்தக் கட்டினார் என்ற ஒரு சொல்லுக்குள்ளே எத்தனை விஷயம் ஒளிந்திருக்கிறது என்று காட்டத்தான் இந்தக் கட்டுரை. அவர் வாழ்க்கையை நமக்குப் பழக்கமான ஒரு கருவியை வைத்துச் சொல்லப் போறேன். அந்தக் கருவி டிபெண்டன்சி கிராஃப்.

முதலில் ஒரு சின்ன பாடம்

உங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்டை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டது நாலு பேக்கேஜ். என்பிஎம் இன்ஸ்டால் அடித்ததும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் வந்து உட்கார்ந்தது நூற்றுக்கணக்கில். நீங்கள் கேட்ட நாலுக்கும் வேறு சில தேவை, அந்த வேறு சிலதுக்கு இன்னும் சில தேவை. நேரடியாகக் கேட்டது நேரடி சார்பு. அதன் வழியாகத் தானாக வந்தது மறைமுக சார்பு.

இதைப் படமாக வரைவது ரொம்ப சுலபம். ஒவ்வொரு பேக்கேஜும் ஒரு பெட்டி. ஒன்றுக்கு இன்னொன்று தேவை என்றால், தேவைப்படுகிறதிலிருந்து தேவையானதை நோக்கி ஒரு அம்பு. கிராஃப்விஸ் என்ற இலவசக் கருவியிடம் இதை வெறும் எழுத்தாகக் கொடுத்தால் போதும், படத்தை அதுவே வரைந்து தரும். தமிழில் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். எங்க ஊர் தண்ணீரை அப்படி எழுதினால் இப்படி இருக்கும்:

வயல் -> கால்வாய்;
கால்வாய் -> முல்லையாறு;
முல்லையாறு -> சுரங்கம்;
சுரங்கம் -> நீர்த்தேக்கம்;
நீர்த்தேக்கம் -> அணை;

கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் இந்த ஐந்து வரியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இதில் எந்த ஒரு பெட்டியை எடுத்தாலும் இடது பக்கம் இருப்பது எல்லாம் விழும். சரி, அணை என்ற கடைசிப் பெட்டிக்கு எது தேவை? அங்கேதான் நம்ம ஆளுடைய கதை ஆரம்பிக்கிறது.

எட்டு வயது

ஜான் பென்னிகுவிக் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தார். அப்பா பேரும் ஜான் பென்னிகுவிக்தான், ராணுவத்தில் பிரிகேடியர். 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபில் சிலியன்வாலா என்ற இடத்தில் சீக்கியப் படைக்கும் பிரிட்டிஷ் படைக்கும் பெரிய சண்டை. அதில் அப்பா இறந்தார். 17 வயது அண்ணன் அலெக்சாண்டரும் அதே நாளில், அதே களத்தில் இறந்தார். ஜானுக்கு எட்டு வயது நிறைய இன்னும் இரண்டே நாள்.

தகப்பன் இல்லாத பெரிய குடும்பத்தில் வளர்ந்தார். இங்கிலாந்தில் செல்டன்ஹாம் காலேஜில் படித்தார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி தன் ராணுவ அதிகாரிகளைத் தயார் செய்த அடிஸ்கோம்ப் கல்லூரி. 1858-ல் மெட்ராஸ் எஞ்சினியர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார், 1860-ல் இந்தியா வந்தார். இடையில் 1867-68 அபிசீனியப் படையெடுப்புக்குப் போனார். மற்றபடி அவருடைய வேலைக்காலம் பெரும்பாலும் மெட்ராஸ் மாகாணப் பொதுப்பணித் துறையில்தான். கிரிக்கெட் பைத்தியம் வேறு. 1879-ல் கிரேஸ் ஜார்ஜியானா ஷாமியரைக் கல்யாணம் செய்தார். ஐந்து பெண்கள், ஒரு பையன்.

இதுவரைக்கும் அந்தக் காலத்து எந்த ராணுவ எஞ்சினியருக்கும் பொருந்துகிற வாழ்க்கைதான். பெரியாறு இல்லையென்றால் அவரைப் பற்றி நீங்களும் படிக்க மாட்டீங்க, நானும் எழுதியிருக்க மாட்டேன்.

யோசனை வந்தது கடைமடையிலிருந்து

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும். பெரியாறு அந்தத் தண்ணீரை எல்லாம் வாரிக்கொண்டு மேற்கே அரபிக்கடலுக்குப் போகும். மலைக்கு இந்தப் பக்கம், மழை மறைவில், வைகை காய்ந்து கிடக்கும். மேற்கே போகிற தண்ணீரை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே விட்டால் என்ன?

இந்த யோசனை பென்னிகுவிக்குடையது இல்லை. அவர் பிறப்பதற்கு 52 வருஷம் முன்னாடி, 1789-லேயே, ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதைப் பற்றி யோசித்திருக்கிறார். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பெரியாறு எங்கே, ராமநாதபுரம் எங்கே? வைகையின் கடைசி முனை அது. மேலே இருக்கும் எல்லோரும் எடுத்தது போக மிச்சம் வந்தால்தான் அங்கே தண்ணீர். நம்ம படத்தில் இடது ஓரத்துக் கடைசிப் பெட்டி. தன் கண்மாய் எதை நம்பியிருக்கிறது என்று அம்புகளைப் பின்தொடர்ந்து, மலை ஏறி, அந்தப் பக்கத்து ஆறு வரைக்கும் போனது அந்தக் கடைசிப் பெட்டியில் இருந்த ஒருவர்தான். பணம் இல்லாததால் யோசனை அங்கேயே நின்றது.

1808-ல் கேப்டன் கால்டுவெல் என்ற எஞ்சினியர் இடத்தைப் பார்த்துவிட்டு, இது நடக்காத காரியம் என்று அறிக்கை கொடுத்தார். 1850-ல் சின்னதாக ஒரு வேலை தொடங்கியது. காய்ச்சல் வந்தது, கூலி ஆட்கள் அதிகச் சம்பளம் கேட்டார்கள், வேலை கைவிடப்பட்டது. 1862-ல் கேப்டன் ரைவ்ஸ் மறுபடி ஆராய்ந்தார். 1867-ல் அவர் கொடுத்த திட்டம் 62 அடி உயர மண் அணை. கோப்பு ஓடிக்கொண்டே இருந்தது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தது. மெட்ராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். பஞ்சம் முடிந்த பிறகு பாசனத் திட்டம் என்பது கணக்குப் பார்த்து ஒதுக்குகிற விஷயமாக இல்லை.

1882-ல் திட்டத்தைத் திருத்தி, மதிப்பீடு போட்டுக் கொடுக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது. அவர் கைக்கு வரும்போது அந்தக் கோப்புக்கு கிட்டத்தட்ட 93 வயது. கிட்ஹப்பில் பழைய ரெப்போ ஒன்றை ஃபோர்க் செய்து, மூடப்பட்ட இஷ்யூக்களை எல்லாம் உட்கார்ந்து படிப்பது போன்ற வேலை. ஏற்கெனவே தோற்றவர்கள் எதில் தோற்றார்கள் என்பது அவருக்கு முன்னால் எழுத்தில் இருந்தது.

999 வருஷ லாக் ஃபைல்

அணை கட்ட வேண்டிய இடம் மெட்ராஸ் மாகாணத்தில் இல்லை, திருவிதாங்கூர் சமஸ்தானத்தில். அதனால் கல், மண், சுண்ணாம்பு எல்லாவற்றுக்கும் முன்னால் இன்னொரு பெட்டி வருகிறது: அனுமதி. 1886 அக்டோபர் 29 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. நீர்த்தேக்கத்துக்கு 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், மொத்தம் வருஷத்துக்கு 40,000 ரூபாய். காலம் 999 வருஷம்.

லாக் ஃபைல் என்றால் உங்களுக்குத் தெரியும். இந்த பேக்கேஜில் இந்த வெர்ஷன்தான், யாரும் மாற்றக்கூடாது என்று ஆணி அடித்து வைப்பது. ஆணி அடித்தால் இன்று நிம்மதி. ஆனால் சுற்றி உலகம் மாறும்போது அதே ஆணி தகராறுக்குக் காரணமாகும். இந்த ஒப்பந்தத்துக்கும் அதுதான் நடந்தது. சமஸ்தானம் போனது, மாகாணம் போனது, இரண்டு மாநிலங்கள் வந்தன. 1970-ல் ஒரு தடவை திருத்தி, ஏக்கருக்கு 30 ரூபாய் என்று ஆக்கினார்கள்.

வட்டத்தில் மாட்டிய வேலை

1887-ல் வேலை தொடங்கியது. மெட்ராஸ் பயனியர்ஸ் படையின் 1-வது, 4-வது பட்டாலியன்களும் கூலியாட்களும் மலை ஏறினார்கள். தற்காலிகத் தடுப்பு வேலைகளுக்கு கொச்சியிலிருந்து போர்த்துகீசிய வம்சாவளித் தச்சர்கள் வந்தார்கள்.

முதல் பெரிய சிக்கலை நம்ம பாஷையில் சொன்னால் உடனே புரியும். அஸ்திவாரம் போட ஆற்றுப்படுகை காய வேண்டும். ஆறு காய வேண்டும் என்றால் தண்ணீரை நிறுத்தி வைக்க ஒரு அணை வேண்டும். அணைக்கு அஸ்திவாரம் வேண்டும். அம்பு சுற்றிச் சுற்றி கிளம்பிய இடத்துக்கே வருகிறது. இதுதான் வட்டச் சார்பு. சாஃப்ட்வேரில் இது வந்தால் எதை முதலில் லோட் செய்வது என்று கருவி திணறிப் போய் எர்ரர் காட்டும். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பரில் டோபலாஜிக்கல் சார்ட் படித்திருப்பீங்க. வட்டம் இருந்தால் அந்த வரிசையே கிடைக்காது.

வட்டத்தை உடைக்க ஒரே வழி, நடுவில் ஒரு தற்காலிகத் துண்டு. கம்பைலரை எழுத இன்னொரு குட்டி கம்பைலரை முதலில் எழுதுவோமே, அந்த மாதிரி. அவர்கள் மண்ணாலும் மரத்தாலும் தற்காலிகத் தடுப்பணைகள் கட்டி, ஆற்றை ஒதுக்கி, அந்த இடைவெளியில் நிஜ அணையின் அடிப்பகுதியைப் போட முயன்றார்கள். வெள்ளம் வந்து தடுப்பணையை அடித்துக்கொண்டு போனது. மறுபடி கட்டினார்கள், மறுபடி போனது. இது ஒரு தடவை, இரண்டு தடவை நடந்த கதை இல்லை.

இதற்கு மேல் காலண்டர் வேறு எதிரி. மழைக்காலத்தில் ஆற்றில் கை வைக்க முடியாது. காய்ச்சல் பருவத்தில் ஆட்கள் மலையை விட்டு இறங்க வேண்டியிருந்தது. மிச்சம் இருக்கிற சில மாதங்களில் போன வருஷம் விட்ட இடத்திலிருந்து, அல்லது வெள்ளம் விட்டு வைத்த இடத்திலிருந்து, தொடங்க வேண்டும். எது முன்னால், எது பின்னால், எதை எத்தனை நாளுக்குள் முடிக்காவிட்டால் முழு வருஷமும் போகும் என்று வரிசைப்படுத்துவதுதான் அங்கே உண்மையான எஞ்சினியரிங்.

இந்த இடத்தில்தான் எங்க ஊர்க் கதை நுழைகிறது. தடுப்பணை உடைந்து, அரசு பணத்தை நிறுத்தியதும், பென்னிகுவிக் இங்கிலாந்தில் இருந்த சொத்தையும் மனைவியின் நகையையும் விற்று அணையைக் கட்டி முடித்தார் என்று பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. அது மக்கள் வழக்கு. எழுத்தில் இருக்கிற வரலாற்றில் இது தொடக்கம் முதல் முடிவு வரை மெட்ராஸ் அரசின் பொதுப்பணித் துறைத் திட்டம். ஆனாலும் இந்தக் கதை ஏன் பிறந்தது என்று புரிகிறது. தோற்றுப்போன வேலையை விடாமல் மறுபடி தொடங்கிய ஒருத்தரைப் பார்த்தால், அவர் தன் வீட்டையே விற்றிருப்பார் என்றுதான் விவசாயிக்குத் தோன்றும். விவசாயி அப்படித்தானே செய்கிறார்.

சிமென்ட் வேண்டாம், சுர்க்கி போதும்

அணையின் உயரம் அஸ்திவாரத்திலிருந்து 176 அடி, நீளம் 1,200 அடி. தன் எடையாலேயே தண்ணீரைத் தாங்கி நிற்கிற வகை. உள்ளே நிரப்ப கான்கிரீட், முன்னும் பின்னும் கல் கட்டுமானம். அந்தக் கான்கிரீட்டில் சிமென்ட் கிடையாது. சுண்ணாம்பு, சுர்க்கி, மணல், உடைத்த கல்.

சுர்க்கி என்றால் சுட்ட செங்கல்லை இடித்த பொடி. வெறும் சுண்ணாம்பு ஈரத்தில் சரியாக இறுகாது. சுட்ட களிமண் பொடி சேர்ந்தால் தண்ணீருக்குள்ளேயும் இறுகும். சிமென்ட் அன்று இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டும். துறைமுகம், ரயில், மாட்டு வண்டி, மலை என்று அம்பு நீண்டுகொண்டே போகும். நடுவில் ஒரு கப்பல் தாமதமானால் அந்த வருஷத்து வேலைக்காலமே போச்சு. சுண்ணாம்பும் செங்கல்லும் இந்த மண்ணிலேயே கிடைக்கும். எங்கோ இருக்கும் சர்வரை நம்பாமல், தேவையான கோடை ப்ராஜெக்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வோமே, அதே புத்திதான்.

அப்படியும் சுமையை மலை ஏற்றியாக வேண்டும். அடிவாரத்திலிருந்து கம்பிவடம் கட்டி மேலே ஏற்றினார்கள், அங்கிருந்து ஆற்று வழியாகப் படகில் அணை வரைக்கும் கொண்டு போனார்கள். ஆக, அணைக்குக் கம்பிவடம் தேவை, படகு தேவை, சூளை தேவை, சூளைக்கு விறகு தேவை. ஒரு பெட்டியைத் திறந்தால் பத்துப் பெட்டி.

இன்னொரு பக்கம் மலையைக் குடைந்து சுரங்கம். நீளம் ஒரு மைலுக்குச் சற்று அதிகம். அணையின் நீர்மட்டம் 104 அடிக்கு மேல் இருந்தால்தான் தண்ணீர் இந்தச் சுரங்கத்துக்குள் போகும். அதாவது அணை பாதி உயரத்தில் நின்றிருந்தால் கிழக்கே ஒரு சொட்டு வந்திருக்காது. பாதி ப்ராஜெக்டுக்குப் பாதிப் பயன் என்ற கணக்கே இங்கே இல்லை.

1895 அக்டோபர் 10 அன்று மெட்ராஸ் கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். முத்திருளப்ப பிள்ளை யோசித்து 106 வருஷம் கழித்து, மேற்கே போக வேண்டிய தண்ணீர் கிழக்கே திரும்பியது.

பெயரில்லாத பெட்டிகள்

இப்போது படத்தில் ஒரு பெட்டி சேர்க்க வேண்டும். சேர்க்க மனசு கஷ்டப்படும், ஆனால் சேர்க்காமல் விட்டால் படம் பொய்.

வேலை நடந்த வருஷங்களில் நோயால் மட்டும் 483 பேர் இறந்தார்கள். அணைக்கு வடக்கே இருக்கிற இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். எந்த பஸ் ஸ்டாண்டுக்கும் அவர்கள் பேர் இல்லை.

2016 மார்ச்சில் நடந்த லெஃப்ட் பேட் விவகாரம் கேள்விப்பட்டிருப்பீங்க. 11 வரிக் குட்டி பேக்கேஜ். எழுதியவர் அதை என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டார். உலகம் முழுக்க பெரிய பெரிய ப்ராஜெக்ட்கள் பில்ட் ஆகாமல் நின்றன. அதை நம்பியிருந்தவர்களில் பல பேருக்கு அப்படி ஒன்று தங்கள் ப்ராஜெக்டில் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. 2021 டிசம்பரில் லாக் ஃபோர் ஜேவில் ஓட்டை கண்டுபிடித்தபோதும் நிறுவனங்கள் முதலில் கேட்ட கேள்வி, இது நம்மிடம் இருக்கா என்பதுதான். ஆறு அடுக்குக்குக் கீழே இருக்கிற ஒன்றைக் கண்ணால் பார்க்க முடியாது. படம் வரைந்து வைத்திருந்தவர்களுக்கு பதில் சீக்கிரம் கிடைத்தது.

அடியில் இருப்பது நன்றாக வேலை செய்கிற வரைக்கும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பேக்கேஜுக்கும் அப்படித்தான், மனுஷனுக்கும் அப்படித்தான்.

அப்படியானால் பென்னிகுவிக்கைப் பெரிதாகப் பேசுவது தப்பா? படத்தை முழுசாக வரைந்து பார்த்தால் தப்பு என்று தோன்றவில்லை. யோசனை பிரதானியுடையது. முதல் திட்டங்கள் மற்றவர்களுடையது. உழைப்பும் உயிரும் கூலியாட்களுடையது, சிப்பாய்களுடையது. பணம் அரசுடையது, அதாவது வரி கட்டியவர்களுடையது. இந்தப் பெட்டிகள் எல்லாம் தனித்தனியாக 100 வருஷம் கிடந்தன. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்பு போட்டு, வட்டத்தை உடைத்து, வரிசைப்படுத்தி ஓட வைத்தது அவர் தலைமையில் நடந்த வேலை. எஞ்சினியர் என்பவர் பெட்டிகளைவிட அம்புகளுக்குத்தான் அதிகம் பொறுப்பாளி. அவரை சாமியாக்கி மற்ற பெட்டிகளை அழிப்பதைவிட, அம்புகளோடு சேர்த்து நினைப்பதுதான் அவருக்கு மரியாதை என்று எனக்குப் படுகிறது.

படத்தைத் திருப்பிப் போடுங்கள்

டிபெண்டன்சி கருவிகளில் ஒரு வசதி உண்டு. பைத்தானில் பிப்டெப்ட்ரீ போட்டால் உங்கள் பேக்கேஜுக்கு எதெல்லாம் தேவை என்று காட்டும். ரிவர்ஸ் என்று சேர்த்துப் போட்டால், இந்த பேக்கேஜை யாரெல்லாம் நம்பியிருக்கிறார்கள் என்று தலைகீழாகக் காட்டும். ஒன்றை மாற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது படத்தைத்தான்.

அணையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். லோயர் கேம்ப் மின்நிலையம். கம்பம் பள்ளத்தாக்கின் நெல், தென்னை, வாழை. தேனிக்கு அருகே வைகையில் கலந்த பிறகு, 1959-ல் ஆண்டிபட்டி பக்கம் கட்டிய வைகை அணை. அங்கிருந்து பேரணை, பெரியாறு பிரதான கால்வாய், மேலூர் வரைக்கும் வயல். மதுரையின் குடிதண்ணீர். திண்டுக்கல், சிவகங்கை, கடைசியில் பிரதானியின் ராமநாதபுரம். தேக்கடியில் டூரிஸ்ட்கள் போட்டில் போகிற ஏரிகூட இந்த அணை தேக்கிய தண்ணீர்தான்.

தேனியில் உட்கார்ந்து வரைந்தால் படம் இத்தோடு முடிந்துவிடும். ஆனால் இன்னொரு பக்கமும் அம்பு இருக்கிறது. அணைக்குக் கீழே, கேரளத்தில், வண்டிப்பெரியாறு முதல் ஆற்றங்கரையில் வாழ்கிறவர்கள் இந்த அணை நிற்க வேண்டும் என்பதை நம்பித்தான் ராத்திரி தூங்குகிறார்கள். அவர்களும் இதே பெட்டியைச் சார்ந்தவர்கள்தான். 1979-ல் பாதுகாப்புக் கவலை எழுந்து நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அதன் பிறகு மேலே கான்கிரீட் கனம் ஏற்றினார்கள், எஃகு வடங்களை அஸ்திவாரப் பாறை வரை இறக்கி இறுக்கினார்கள், பின்பக்கம் கான்கிரீட் முட்டுக் கொடுத்தார்கள். சுண்ணாம்பு சுர்க்கியில் எழுதிய கோடுக்கு மூன்று பேட்ச். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பு கொடுத்தது. நமக்குத் தண்ணீர் கவலை, அவர்களுக்கு உயிர்க் கவலை. ஒரு அம்பை மட்டும் வரைந்துவிட்டு வாதாடுகிறவர்களை இரண்டு பக்கமும் பார்க்கலாம். எஞ்சினியரிங் படிக்கிற நாம் இரண்டையும் வரைய வேண்டும்.

கடைசி வருஷங்கள்

அணை முடிந்ததும் பென்னிகுவிக் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். 1896 முதல் 1899 வரை இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்ற எஞ்சினியரிங் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். இந்தியப் பொதுப்பணித் துறைக்கு எஞ்சினியர்களைத் தயார் செய்கிற கல்லூரி அது. 1899-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போய், பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுப்பது பற்றி ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார்.

பெரியாறு வேலையைப் பற்றி லண்டன் சிவில் எஞ்சினியர்கள் நிறுவனத்துக்காக விரிவாகக் கட்டுரையும் எழுதினார். அவருக்குக் கீழே வேலை பார்த்த மெக்கன்சி என்ற எஞ்சினியர் திட்டத்தின் முழு வரலாற்றையும் புத்தகமாக்கி 1899-ல் மெட்ராஸில் வெளியிட்டார். வேலை முடிந்ததும் டாக்குமென்டேஷன் எழுதி வைத்தார்கள். ரீட்மீ ஃபைலைக் காலியாக விடுகிற நமக்கு இதில் ஒரு குட்டு இருக்கு.

1911 மார்ச் 9 அன்று சர்ரே மாவட்டத்தில் கேம்பர்லியில், 70 வயதில், இறந்தார். பக்கத்து ஊர் ஃப்ரிம்லியில் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்தில் கல்லறை. 2013-ல் லோயர் கேம்பில் தமிழக அரசு மணிமண்டபம் கட்டித் திறந்தது. 2022-ல் கேம்பர்லியிலும் சிலை வைத்தது.

இந்த வாரம் ஒரு வேலை

உங்கள் ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் திறங்கள். என்பிஎம் எல்எஸ், அல்லது பிப்டெப்ட்ரீ, அல்லது மேவன் டிபெண்டன்சி ட்ரீ, எது பொருந்துமோ அதை ஓட்டுங்கள். வந்ததை எல்லாம் கிராஃப்விஸ்ஸில் கொட்டாதீங்க. நூல்கண்டைப் பூனை பிரித்துப் போட்ட மாதிரி இருக்கும், ஒன்றும் புரியாது. முதலில் இரண்டு அடுக்கு மட்டும் வரைங்க. நேரடியாகக் கேட்டதற்கு ஒரு நிறம், தானாக வந்ததற்கு இன்னொரு நிறம். அதிக அம்புகள் வந்து குத்துகிற பெட்டி எது என்று பாருங்கள். அதுதான் உங்கள் அணை. அதை எழுதியவர் யார், கடைசியாக எப்போது அதைத் தொட்டார், ஒரே ஆள்தானா என்று ஒரு பத்து நிமிஷம் தேடிப் பாருங்கள்.

பிறகு ரிவ்யூ அன்றைக்குக் காட்டுகிற ஸ்லைடில், டீம் மெம்பர்கள் பெயருக்குக் கீழே அந்தப் பெயரையும் போடுங்கள். அடுத்த முறை லோயர் கேம்ப் மணிமண்டபத்துக்குப் போனால் கர்னலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மேலே மலையைப் பார்த்து அந்த 483 பேருக்கும் ஒன்று போடுங்கள்.